கசக்காத, திரியாத அன்னாசி மோர்க்குழம்பு

காலைச் சிற்றுண்டியான அரிசிச் சேவைக்காகச் செய்யும் மோர்க்குழம்பில் பூசணிக்காய்க்குப் பதிலாக அன்னாசிப்பழத்தைப் போட்டு, மாலை வரை வைத்திருந்தும் கசக்காத குழம்பு இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாகக் கைகூடியது. மாம்பழமும் நேந்திரம்பழமும் இவ்வகைக் குழம்பில் சொன்னபடி கேட்கும்; அன்னாசி மட்டும் தயிரோடு சண்டை பிடிக்கும்.

சண்டைக்குக் காரணம் அப்பழத்தில் இருக்கும் புரோமிலைன் என்னும் நொதி. புரதத்தைச் சிதைக்கும் தன்மையுடைய அது, தயிரிலுள்ள கேசின் என்னும் புரதத்தைத் துண்டு துண்டாக்கும்போது உண்டாகும் சிறு கூறுகளே நாக்கில் கசப்பாகத் தெரிகின்றன. இதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு கிண்ணத் தயிரில் பச்சைத் துண்டுகளையும், மற்றொன்றில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்ட துண்டுகளையும் போட்டு, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தேன். காலையில் முதல் கிண்ணத்துத் தயிர் நீர்த்துக் கசந்திருந்தது. இரண்டாவது, போட்டபடியே இருந்தது. சூடு ஏறினால் அந்த நொதி செயலிழந்துவிடும் என்பதால், பழத்தை வெறுமனே வதக்கினால் போதாது, துண்டின் நடுப்பகுதி வரை வேக வேண்டும். சுண்டுவிரல் நகத்தளவுக்குப் பொடியாக நறுக்கி, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து, நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு பத்து நிமிடம் வேகவிடுகிறேன். நடுத்தண்டை வீணாக்க மனமில்லாதவர்கள் அதை இன்னும் பொடியாக நறுக்குவது நல்லது. வேக நேரம் பிடிப்பதும் அதுதான், நொதி மிகுந்திருப்பதும் அதில்தான்.

பழம் வாங்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்னாசி, பறித்த பிறகு நிறம் மாறுமே தவிர இனிப்புக் கூடாது. ஆகவே "இரண்டு நாள் வைத்தால் பழுத்துவிடும்" என்று சொல்லிக் காயைத் தலையில் கட்டும் கடைக்காரரிடம் நான் இப்போது வாதிடுவதில்லை, அடிப்பகுதியை முகர்ந்து பார்த்து மணமில்லாவிட்டால் நகர்ந்துவிடுகிறேன். 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற கேரளத்து வாழக்குளம் அன்னாசி கிடைக்கும்போது அதையே எடுக்கிறேன். மொரீஷியஸ் வகையைச் சேர்ந்த அதில் புளிப்புக் குறைவு என்பதால், வெல்லம் சேர்க்கும் தேவையே எழுவதில்லை.

இனி, திரிவது. இது கசப்பிலிருந்து வேறான சிக்கல். இதற்கு நொதியைக் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே புளித்திருக்கும் தயிர், சூடு மிஞ்சியதும் நீர் வேறு திப்பி வேறாகப் பிரிகிறது. தேங்காய், பச்சைமிளகாய், சீரகத்தோடு ஊறவைத்த பச்சரிசியையும் சேர்த்து அரைப்பது வெறும் கெட்டித்தன்மைக்காக அன்று. அதன் மாவுச்சத்துதான் தயிரின் புரதத்தைத் திரளவிடாமல் தடுக்கிறது. அரைத்த விழுதைப் பழத்தோடு சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, அடுப்பை மிகவும் தணித்த பிறகே கடைந்த தயிரை ஊற்ற வேண்டும். ஓரங்களில் நுரை கட்டி எழும்பியதும், கொதி வருவதற்கு முன் இறக்கிவிட வேண்டும். துவரம்பருப்பையும் சேர்த்து அரைப்பவர்கள் உண்டு. அன்னாசியின் மணத்தை அது மழுங்கடிப்பதாகத் தோன்றுவதால் நான் விட்டுவிட்டேன். தேங்காயெண்ணெயில் கடுகும் வெந்தயமும் மிளகாய்வற்றலும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் போதும், பெருங்காயம்கூட வேண்டியதில்லை.

மீந்த வாழைப்பழத்தையும் தயிரையும் மைதாவோடு பிசைந்து, இரவெல்லாம் ஊறவைத்துப் பொரிக்கும் மங்களூர் பன்னுக்கு இக்குழம்பு இணையாகுமா என்று பார்க்கும் ஆசையும் இருக்கிறது. அதற்கு முன், மறுநாள் சூடாக்கும்போது குழம்பு திரியாமலிருக்க ஒரு வழி கண்டாக வேண்டும். பழமும் தேங்காய் விழுதும் கொதித்த அடிக்குழம்பை மட்டும் எடுத்து வைத்து, வேளைக்கு வேண்டிய அளவைச் சூடாக்கித் தயிர் சேர்த்துக்கொள்ளும் முறையை அடுத்த வாரம் செய்து பார்க்கவிருக்கிறேன்.