நான்காம் வகுப்பும் 2.33-உம்

மகளின் விளையாட்டுத் துணிப் பையைத் துவைக்க எடுத்தபோது, அடியில் நான்காக மடித்த ஒரு தாள் கிடைத்தது. நான்காம் வகுப்பு ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஜெர்மன் பாடத்துப் புரோபெ, அதாவது வகுப்புத் தேர்வுத் தாள். மேலே சிவப்பு மையில் 4. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி. ஒரு வார்த்தையை எழுதி அழித்து, மறுபடி எழுதி மறுபடி அழித்து, அந்த இடத்தில் தாளே ஓட்டையாகியிருந்தது. மார்க்கை விட அந்த ஓட்டைதான் என்னை உலுக்கியது.

இங்கே மதிப்பெண் நம் ஊருக்குத் தலைகீழ். 1 தான் உயர்ந்தது, 6 கடைசி. நாங்கள் இருக்கும் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் நான்காம் வகுப்பு வந்தாலே வீட்டின் நிலைமையே மாறிவிடும். அடுத்து எந்த வகைப் பள்ளி என்பதை அந்த வருட மார்க்தான் முடிவு செய்யும். ஜெர்மன், கணக்கு, ஹா-எஸ்-ஊ என்று சுருக்கிச் சொல்லும் ஊரும் அறிவியலும் சேர்ந்த பாடம், இந்த மூன்றின் சராசரி 2.33 வரை இருந்தால் ஜிம்னாசியம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு நேராகக் கொண்டுபோகும் பள்ளி. 2.66 வரை என்றால் ரியால்ஷூலெ, பத்தாவது வரை உள்ள நடுத்தரப் பள்ளி. அதற்கும் மேல் போனால் மிட்டல்ஷூலெ, தொழிற்பயிற்சிக்குத் தயார்ப்படுத்தும் பள்ளி. சராசரி போதாவிட்டால், விரும்பிய பள்ளிக்காக மூன்று நாள் சோதனை வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம். மே மாத ஆரம்பத்தில் சான்றிதழ் கைக்கு வரும். ஜெர்மனியின் பல மாநிலங்களில் கடைசி முடிவு பெற்றோருடையது. இங்கே எண்தான் முடிவு. பிள்ளைக்கு அப்போது பத்து வயது.

மியூனிக் வந்து ஆறு வருடமாகியும் இது எங்களுக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை. புரிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு நான்கு குடும்பம் கூடினால், "ஜிம்னாசியம் கிடைச்சிடும்ல?" என்பதுதான் பேச்சு. திருச்சியிலிருந்து மாமியார் வீடியோ காலில் வந்தால், "எத்தனாவது ரேங்க் கண்ணு?" அவர்களைச் சொல்லி என்ன, நானே அவள் வாசலில் பையை இறக்குவதற்குள், "தாள் குடுத்தாங்களா, எவ்வளவு?" என்பேன். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கே சரியாக வராத ஜெர்மனில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். தேர்வு நாள் காலைகளில் அவளுக்கு வயிற்றுவலி வர ஆரம்பித்தது. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்.

வகுப்பு ஆசிரியையிடம் நேரம் கேட்டுப் போனேன். அவர் மார்க்கைப் பற்றிப் பேசவே இல்லை. "விடை தெரிந்தும் கை தூக்க மாட்டேன் என்கிறாள். தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிறாள்" என்றார். அப்புறம், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டார். தேர்வுக்காக இப்போதெல்லாம் ஜெர்மன்தான் என்றேன். "வேண்டாம். உங்களுக்கு எந்த மொழியில் மனம்விட்டுப் பேச வருமோ அதில் பேசுங்கள். ஜெர்மனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். டிராமில் திரும்பி வரும்போது கண் கலங்கிவிட்டது. மாதக்கணக்கில் என் பிள்ளையிடம் நான் பாடத்தைத் தவிர வேறு எதுவும் பேசியிருக்கவில்லை.

அந்த வாரம் ஹா-எஸ்-ஊவில் தண்ணீர்ப் பாடம். மியூனிக் குழாய்த் தண்ணீர் மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருவதைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் சென்னையில் வேலை பார்த்த நாட்களில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றதைத் தமிழில் சொன்னேன். "ஏன் லாரியில வரணும், அங்க மழை பெய்யாதா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. ஏரி, போர்வெல், கடல் என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. நடுவில் இட்லி வெந்துவிட்டது. பாத்திரத்தின் மூடியைத் திருப்பிப் பிடித்தேன். உள்பக்கம் முழுக்கத் துளிகள். விரலால் ஒரு கோடு இழுத்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுவதைப் பார்த்து, "அம்மா, மேகம் இப்படித்தான்!" என்றாள். ஜெர்மனில் அதற்கு என்ன வார்த்தை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆவியாதல் என்ற வார்த்தையை என்னிடம் வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் படிப்பு அரை மணி நேரம், அதோடு புத்தகத்தை மூடிவிடுவோம். தேர்வு நாள் காலையில் பாடம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தாள் வந்தால், சரியாக எழுதியவற்றை முதலில் அவளே காட்டுவாள். என் கணவருக்கு இது எளிதாக இல்லை. அடியும் கண்டிப்பும் இல்லாவிட்டால் நான் இங்கே வந்திருக்கவே முடியாது என்பார். எங்களுக்குள் அந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் 2000-இல் இந்த நாட்டில் வந்த சட்டம் பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைக் காயப்படுத்துவதையும் தவறு என்கிறது. அதைப் படித்த இரவு அவர் வெகுநேரம் பேசவில்லை. வசந்த காலத்தில், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போலீஸ்காரர்கள் நடத்தும் சைக்கிள் தேர்வுக்காக, ஞாயிறு தவறாமல் அவள் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினார். கைகாட்டித் திரும்பக் கற்றுக்கொண்ட அன்று இருவரும் ஐஸ்கிரீமோடு வந்தார்கள்.

புதிதாக வரும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாங்க முடியாமல் போனால் பெற்றோருக்கென்றே ஓர் இலவச எண் இருக்கிறது: 0800 111 0550. பிள்ளைகளே பேச 116 111. பெயர் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் நானே அழைத்தேன். என் உடைந்த ஜெர்மனை ஒரு பெண்மணி அவசரப்படாமல் கேட்டார். அவர் சொன்னதை விட, அவர் கேட்டதுதான் எனக்குத் தெம்பாக இருந்தது.

மே மாதம் சான்றிதழ் வந்தது. ஜெர்மன் 3, கணக்கு 3, ஹா-எஸ்-ஊ 2. சராசரி 2.66, ரியால்ஷூலெ. சிலர் துக்கம் விசாரிப்பது போலப் பேசினார்கள். பத்தாவது முடித்து ஃபாக்ஓபர்ஷூலெ என்ற தொழில்சார் மேல்நிலைப் பள்ளி வழியாக மேற்படிப்புக்குப் போகலாம் என்பதை ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னேன்.

இப்போது ஆறாம் வகுப்பு. போன வாரம் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, கணக்குல 4. ஒரு கேள்வி புரியவே இல்ல, பேனா எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடு" என்றாள். பேனாவைத் தேடிப் போனேன்.