கடிதம் போய்ச் சேர எத்தனை நாள், டீச்சர்?

சமூக அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் பேரரசு என்றால் எனக்குப் பரப்பளவும் ஆண்டுகளும்தான். கரும்பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், மணி அடித்துவிடும்.

ஒரு மழை நாள். கரண்ட் இல்லை, ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. ஸ்பானியப் பேரரசைச் சொல்ல வேண்டும். உலக உருண்டையை மேசைமேல் வைத்து, செல்போன் டார்ச்சைச் சூரியனாக்கினேன். உருண்டையைச் சுற்றச் சுற்ற, ஸ்பெயின் இருட்டுக்குள் போனால் மெக்சிகோவில் வெளிச்சம். மெக்சிகோ இருண்டால் பிலிப்பைன்ஸில் காலை. சூரியன் மறையாத பேரரசு என்ற பேச்சு பிரிட்டனுக்கு முன்பே ஸ்பெயினைப் பற்றித்தான் எழுந்தது என்று பெருமையாக முடித்தேன்.

"ராஜா ஸ்பெயின்லதானே இருந்தாரு டீச்சர்? பிலிப்பைன்ஸ்ல யாராவது தப்பு பண்ணா அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கடைசி பெஞ்சுப் பெண்.

பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

அன்றிரவு படித்ததுதான் இன்றுவரை என் பாடம். பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு ஸ்பெயின் ராஜா இரண்டாம் பிலிப்பின் பெயர். அவரோ அங்கே கால்கூட வைத்ததில்லை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய கப்பல்கள் ஓடின. மணிலாவிலிருந்து கிளம்பினால் நான்கு முதல் ஆறு மாதம் கடலில். பிறகு கோவேறு கழுதைகளில் மெக்சிகோவைக் கடந்து வெராகுரூஸ் துறைமுகம், அங்கிருந்து அட்லாண்டிக்கில் இன்னொரு கப்பல். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே பதில் வர இரண்டு வருடம் ஓடிவிடும். கப்பல் மூழ்கினால் கடிதமும் போச்சு.

மறுநாள் இதை ஆடிக்காட்டினோம். முதல் பெஞ்சில் ராஜா, கடைசியில் ஆளுநர், நடுவில் துண்டுச்சீட்டு. ஒவ்வொரு பெஞ்சிலும் இருபது எண்ணிவிட்டுத்தான் கைமாற்ற வேண்டும். பாதி வழியில் ஒரு பையன், "ராஜா செத்துப்போயிட்டா இந்தக் கடிதம் செல்லுமா?" என்றான். பிடிக்காத உத்தரவு வந்தால், 'கீழ்ப்படிகிறேன், ஆனால் நிறைவேற்றவில்லை' என்று ஸ்பெயினின் அமெரிக்கக் காலனி அதிகாரிகள் பதில் எழுதிய வழக்கத்தைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அவர்களுடைய வீட்டுப்பாடக் கதையும் அதுதானே.

அடுத்து மணிலா கதை. 1762-இல் பிரிட்டன் ஸ்பெயின்மீது போர் அறிவித்தது. அந்தச் செய்தி மணிலாவுக்கு வரும் முன்பே பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து நின்றன. எங்கிருந்து? நம்ம சென்னையிலிருந்து! அக்டோபரில் மணிலா விழுந்தது. 1763 பிப்ரவரியில் பாரிஸில் சமாதானக் கையெழுத்துப் போட்டவர்களுக்கோ மணிலா பிடிபட்டதே தெரியாது. ஒப்பந்தப்படி அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று; 1764-இல் கிளம்பினார்கள்.

அந்தப் படையில் சென்னையிலிருந்து போன சிப்பாய்களும் இருந்தார்கள் என்றேன். அதே கடைசி பெஞ்சுப் பெண், "அவங்க வீட்டுக்குத் திரும்பினாங்களா?" என்றாள். சிலர் திரும்பவில்லை, மணிலாவுக்கு அருகே கைந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். இந்த முறை பதில் கையில் இருந்தது.

மணி அடித்த பிறகும் நான்கைந்து பேர் உருண்டையை விடவில்லை, கைந்தாவைத் தேடினார்கள். மணிலாவே அதில் ஒரு புள்ளி, அதுவும் பாதி அழிந்து போயிருந்தது. சிவப்புப் பேனாவால் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.