சரெப்தாவின் கடுகு

வோல்கோகிராட் நகரம் வோல்கா நதியை ஒட்டிக் கயிறு போல நீண்டு கிடக்கிறது. தெற்கே போகும் மின்ரயிலில் ஏறி வெகுநேரம் ஆகியும் நகரம் முடிந்தபாடில்லை. நான் இறங்க வேண்டிய நிலையத்தின் பலகையில் ரஷ்ய எழுத்தில் ‘சரெப்தா’ என்று இருந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த பெயர்தான், உச்சரிப்புதான் வேறு. தமிழ் வேதாகமத்தில் அது சாறிபாத். பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்த விதவையின் ஊர். மழை வரும் வரை அவள் பானையில் மாவும் கலசத்தில் எண்ணெயும் தீரவே இல்லை என்று ஞாயிறு பள்ளியில் டீச்சர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கம். அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1760இல் தரங்கம்பாடிக்கு வெளியே ஒரு தோட்டத்தை வாங்கிக் குடியேறிய ஜெர்மானியர்களின் கதையை எங்கள் பக்கத்தில் சிலர் இன்றும் சொல்வார்கள். மொராவிய சகோதரர் சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையினர். நிக்கோபார் தீவுகளுக்குப் போவதற்காக வந்தவர்கள். தச்சு, தையல், செருப்பு வேலை என்று கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். காய்ச்சலில் பலர் இறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு பிறந்த கொஞ்ச காலத்தில் மிச்சமிருந்தவர்களும் போய்விட்டார்கள். அதே சபை, ஐந்து வருட இடைவெளியில், வோல்காக் கரையிலும் ஓர் ஊரைக் கட்டியது என்று படித்த நாளிலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது.

நிலையத்திலிருந்து நடந்தே போனேன். சோவியத் காலத்து அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு சதுக்கம், அதைச் சுற்றி உயரமான சரிவுக் கூரை போட்ட பழைய வீடுகள். ஒரு பக்கம் தேவாலயம், 1772இல் கட்டியது. உள்ளே சிலை கிடையாது, தங்கப் பூச்சு கிடையாது. வெள்ளைச் சுவர்தான். ரஷ்யக் கோயில்களின் பொன்னையும் மெழுகுவர்த்திப் புகையையும் ஒரு வாரமாகப் பார்த்த கண்ணுக்கு அந்த வெறுமை இதமாக இருந்தது.

1763இல் பேரரசி இரண்டாம் கேத்தரின் வெளிநாட்டவரைக் குடியேற அழைத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். காலி நிலத்தில் குடியேறினால் 30 ஆண்டுகளுக்கு வரி இல்லை, படையில் சேர வேண்டாம், அவரவர் வழிபாடு அவரவருக்கு. ஒரு நிபந்தனையும் உண்டு: மற்ற கிறிஸ்தவப் பிரிவினரைத் தங்கள் பக்கம் இழுக்கக் கூடாது. மொராவியர்கள் 1765 செப்டம்பரில் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஸ்டெப்பி என்ற மரமில்லாப் புல்வெளியில் அலைந்த கல்மிக் மக்களிடம் போதிக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். கல்மிக்குகள் பௌத்தர்கள் என்பதால் நிபந்தனை குறுக்கே நிற்காது. பக்கத்தில் ஓடிய சிற்றாற்றின் பெயர் சார்பா. வேதத்து ஊர்ப் பெயரோடு அது ஒத்துப்போனதில் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம் இருந்திருக்கும். அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

திருமணமாகாத ஆண்களுக்கு ஒரு வீடு, பெண்களுக்கு ஒரு வீடு, விதவைகளுக்கு ஒரு வீடு. கல்யாணம்கூட சீட்டுப் போட்டுப் பார்த்துத்தான். இப்படி இறுக்கமாக வாழ்ந்தவர்கள் வியாபாரத்தில் மட்டும் கதவுகளை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். வேறு வழியும் இல்லை. உவர் மண்ணும் வறட்சியுமான பூமியில் விவசாயத்தை மட்டும் நம்பினால் கஞ்சிகூடக் கிடைக்காது. சார்பிங்கா என்ற மெல்லிய பருத்தித் துணி நெய்தார்கள்; நம் கட்டம் போட்ட கைத்தறியின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கிறது. மூலிகைத் தைலம், புகையிலை, தேன் கலந்த மசாலா கேக். 1774இல், கேத்தரினை எதிர்த்துக் கிளம்பிய புகச்சோவின் கலகப் படை வந்து ஊரைச் சூறையாடியது. அஸ்திரகான் பக்கம் ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து மறுபடியும் தறியைப் பூட்டினார்கள்.

அப்புறம் கடுகு. இந்தப் பக்கத்து ஸ்டெப்பியில் கடுகு நன்றாக வந்தது. 18ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் கான்ராட் நைட்ஸ் என்ற சரெப்தாக்காரர் அதைப் பயிரிட்டு, எண்ணெய் பிழிந்து, பிண்ணாக்கைப் பொடியாக்கிப் பார்த்தார். 1810இல் அவருடைய மருமகன் க்ளிட்ச் ஒரு கடுகு எண்ணெய் ஆலையே வைத்துவிட்டார்.

1810. அருங்காட்சியகத்தில் அந்த ஆண்டைப் படித்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். நான்கு நாள் முன்புதான் பீட்டர்ஸ்பர்க்கில் ‘ஆங்கிலேயக் கரை’ என்ற நெவா நதிக்கரைத் தெருவில் நடந்திருந்தேன். பிரிட்டிஷ் வணிகர்கள் குடியிருந்த தெரு, அதனால் அந்தப் பெயர். ரஷ்யாவின் சணல், ஆளி நார், மரம், இரும்பு, கொழுப்பு எல்லாம் பிரிட்டனுக்குப் போகும். கப்பல்கள் திரும்பும்போது துணி, சர்க்கரை, காபி என்று வரும். மேஜையில் வைக்கும் கடுகுப் பொடியும் இங்கிலாந்துச் சரக்குதான். 1807 ஜூனில் நேமன் நதி நடுவே தெப்பத்தில் நெப்போலியனும் ரஷ்ய ஜார் முதலாம் அலெக்சாண்டரும் சந்தித்துக் கைகுலுக்கியதோடு அந்தப் போக்குவரத்து நின்றது. ஐரோப்பாவின் எந்தத் துறைமுகமும் பிரிட்டிஷ் சரக்கை இறக்கக் கூடாது என்ற நெப்போலியனின் தடையில் ரஷ்யாவும் சேர்ந்தது. அந்த ஆண்டின் கடைசியிலேயே பிரிட்டன் மீது போரும் அறிவித்தது. பீரங்கி அதிகம் வெடிக்காத போர் அது. அடிபட்டவை கணக்குப் புத்தகங்கள். காகித ரூபிளின் மதிப்பு வெள்ளி ரூபிளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது.

அந்தத் தெருவில் 44ஆம் எண் மாளிகை, நிகலாய் ருமியான்ட்செவ் வாழ்ந்தது. வணிக அமைச்சராக இருந்து வெளியுறவையும் கையில் எடுத்தவர், பிரான்சோடு நட்பே நல்லது என்று நம்பியவர். 1809 கடைசியில் அமெரிக்கத் தூதர் ஜான் குவின்சி ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர், டென்மார்க் பிடித்து வைத்திருந்த அமெரிக்கக் கப்பல்களை விடுவிக்க உதவுங்கள் என்று அவரைக் கேட்டார். ருமியான்ட்செவ் நம்பிக்கை கொடுக்கவில்லை. ஆனால் ஜார் வேறு மாதிரி முடிவெடுத்து, விடுவிக்கும்படி டென்மார்க்கிடம் பேசச் சொன்னார். 1810 டிசம்பர் 31இல் வந்த புதிய சுங்க ஆணை இன்னும் ஒரு படி மேலே போனது: நடுநிலை நாட்டுக் கப்பல்கள் வரலாம், தரை வழியாக வரும் பிரெஞ்சு மதுவுக்கும் பட்டுக்கும் கடும் வரி. நெப்போலியன் அதை மன்னிக்கவே இல்லை. பள்ளிப் பாடத்தில், நெப்போலியன் ரஷ்யா மீது படையெடுத்த 1812 என்றால் பனியும் மாஸ்கோ தீயும்தான். அந்தச் சண்டைக்கு முன்னால் ஒரு சுங்கப் பட்டியல் இருந்ததை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படைகளின் கதையைவிட இந்தச் சரக்குகளின் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடல் அடைபட்ட அந்த வருடங்களுக்கு நடுவில்தான் சரெப்தாவில் கடுகு ஆலை சுழல ஆரம்பித்தது. சரக்கு வராத இடத்தை ஒரு ஜெபக் கூட்டத்தின் ஊர் நிரப்பியது.

அதே பூட்டிய கடல் இன்னும் இரண்டு பேரையும் ரஷ்யாவுக்குத் தள்ளிவிட்டது. ஜான் பேட்டர்சன், எபினேசர் ஹெண்டர்சன், இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்கள் புறப்பட்டது இந்தியாவுக்கு! கிழக்கிந்தியக் கம்பெனி தன் கப்பல்களில் மிஷனரிகளை ஏற்றாது என்பதால், டேனிஷ் கப்பலில் வங்காளத்து செராம்பூருக்குப் போகலாம் என்று 1805இல் கோபன்ஹேகன் வந்தார்கள். செராம்பூரும் தரங்கம்பாடி போல அப்போது டேனியர் கையில் இருந்தது. கப்பல் தள்ளிப்போக, வடக்கிலேயே தங்கி வேத புத்தகம் அச்சடித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1807இல் பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகன் மீது குண்டு போட்டது. சொந்த நாடே தாங்கள் தங்கியிருந்த நாட்டைத் தாக்கினால் என்ன செய்வது? ஸ்வீடனுக்கு மாறினார்கள். 1812 ஜூலையில் ரஷ்யாவும் பிரிட்டனும் சமாதானம் செய்துகொண்டன. அதே ஆண்டு பேட்டர்சன் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தார்.

வந்த நேரம் நெப்போலியன் படை உள்ளே நுழைந்திருந்த நேரம். அந்தக் குழப்பத்திலும் அவர் வேதாகமத்தை அச்சிட்டுப் பரப்பும் வேத சங்கம் ஒன்றுக்கு அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தார். டிசம்பரில், தோற்ற படையின் மிச்சம் எல்லை தாண்டி ஓடிய அந்த நாட்களில், அலெக்சாண்டர் கையெழுத்துப் போட்டார். 1813 ஜனவரியில் இளவரசர் கோலிட்சின் வீட்டில் முதல் கூட்டம். ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, லூத்தரன் குருமார்கள் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். பிரிட்டிஷ் வேத சங்கத்தின் ஆதரவோடு வளர்ந்தது இந்த ரஷ்ய வேத சங்கம். ஓராண்டுக்கு முன்பு எதிரி நாடு!

சரெப்தா இங்கேயும் வந்து சேர்கிறது. ஐசக் யாக்கோப் ஷ்மிட் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த மொராவியர். பிரெஞ்சு ஆக்கிரமிப்பில் குடும்பத் தொழில் நொடித்துப் போக, 1798இல் சரெப்தாவுக்கு வேலைக்கு வந்தார். சபையின் வியாபாரத்துக்காகக் கல்மிக் கூடாரங்களுக்கு நடுவே போய் அவர்கள் மொழியைக் கற்றார். பின்னாளில் வேத சங்கத்தின் பொருளாளர். 1815இல் மத்தேயு சுவிசேஷத்தைக் கல்மிக்கில் கொண்டு வந்தார். கல்மிக்குகளில் மதம் மாறியவர்கள் மிகக் குறைவு. ஷ்மிட்டோ அவர்களுடைய பௌத்த நூல்களிலேயே ஆழ்ந்துபோய் மங்கோலிய இலக்கணமும் திபெத்திய இலக்கணமும் எழுதினார். கடை வியாபாரத்துக்குக் கற்ற பேச்சு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள். அருங்காட்சியகத்தில் எனக்கு மனதுக்கு மிக நெருக்கமாகிப் போனவர் அவர்தான்.

வேத சங்கத்தை 1826இல் அடுத்த ஜார் முதலாம் நிக்கலஸ் மூடிவிட்டார். சரெப்தா 1892இல் மொராவிய சபையிலிருந்து பிரிந்தது. 1941 ஆகஸ்ட் 28 ஆணையில் வோல்கா ஜெர்மானியர் அனைவரும் கிழக்கே நாடு கடத்தப்பட்டார்கள். அந்தப் பகுதியைக் காட்டும்போது வழிகாட்டி அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அங்கே யாரும் பேசவில்லை.

வெளியே வந்து ஒரு கடையில் கடுகு எண்ணெய் ஒரு குப்பி, கடுகு ஒரு பொட்டலம், கடுகு எண்ணெய் விட்டுச் சுட்ட மஞ்சள் நிற ரொட்டி ஒன்று வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொட்டிப் பார்த்தேன். அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் அதே கடுகு. தாவரவியலிலும் இரண்டும் ஒரே இனம். ஜெர்மன் மொழியில் அந்த இனத்துக்கே சரெப்தா கடுகு என்றுதான் பெயர்.

சமைக்கும் விதம்தான் வேறு. ரஷ்யர்கள் பொடியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்து மூடி வைப்பார்கள். தண்ணீர் பட்டால்தான் காரம் பிறக்கும். மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவைக்கும். நாம் சூடான எண்ணெயில் போட்டு வெடிக்க விடுகிறோம், காரம் அடங்கி வாசம் மட்டும் நிற்கும்.

அன்று ராத்திரி தங்கியிருந்த வீட்டு அடுப்பில் உருளைக்கிழங்கை வேக வைத்து, சரெப்தா எண்ணெயைக் காய வைத்து, சரெப்தா கடுகைப் போட்டேன். படபடவென்று வெடித்ததும் வீட்டுக்கார அம்மா என்னவோ ஏதோவென்று சமையலறைக்கு ஓடி வந்தார். கடுகு என்றேன். நம்பாமல் வாணலிக்குள் எட்டிப் பார்த்தார். கிழங்கைப் புரட்டி ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே பாதியைச் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் கடுகை எண்ணெயில் போடு, எப்படி வெடிக்கிறது என்று பார்க்கிறேன் என்றார்.