பச்சைக்கொட்டையும் ஆங்கிலப் பாடமும்

கிரீன் என்றால் பச்சை. அதற்கு மேல் அதில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் எட்டாம் வகுப்புவரை நாமெல்லாம் நினைத்திருந்தோம். நம் ஆங்கில டீச்சர் அந்த ஒரு சொல்லுக்காகவே சில வகுப்புகளை ஒதுக்கினார். நம் பள்ளி மலருக்கு எழுதக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பாடம்தான்.

அது தை மாதம். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாய். டீச்சர் எங்களைப் பக்கத்து எஸ்டேட் களத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். சிவக்கப் பழுத்த பழத்தை பல்பரில் விட்டுத் தோலை நீக்கி, தொட்டியில் ஊறவைத்து, வழவழப்பு போகக் கழுவி, களம் முழுக்கப் பரப்பியிருந்தார்கள். காய்ந்த கொட்டை ஒன்றை எடுத்து, அதன் வெளிர்மஞ்சள் ஓட்டை டீச்சர் நகத்தால் உடைத்தார். உள்ளே சாம்பல் பூத்த பச்சையில் கொட்டை. நடுப்பிளவில் வெள்ளிச் சரிகை போல மெல்லிய சவ்வு.

"இதைத்தான் வியாபாரத்தில் கிரீன் காபி என்கிறார்கள். நன்றாகப் பழுத்த பழத்திலிருந்து வந்ததாச்சே, அப்புறம் ஏன் கிரீன்?" என்று கேட்டார். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேஸ்திரிதான், "வறுக்காத வரைக்கும் பச்சைக்கொட்டை தானுங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் எதிர்பார்த்த பதில் அதுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இரண்டு மொழிகளும் அங்கே ஒன்றாகப் புழங்கி வருகின்றன. அதனால் எடுத்துக்காட்டு தேடி டீச்சர் எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த மிளகுக் கொடியைக் காட்டினார்: காயவைக்காத பச்சை மிளகு, அதுவும் கிரீன். அடுப்பில் புகையும் பச்சை விறகு, அதுவும் கிரீன்.

மறுநாள் வகுப்பில் இரண்டு சொற்களும் பிரியும் இடத்துக்கு வந்தார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மாங்காய், மாம்பழம் என்று நமக்குப் பெயரே வேறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் மேங்கோதான். அதனால் காயைச் சொல்ல முன்னால் கிரீன் போட வேண்டியிருக்கிறது. பச்சைத் தண்ணீர், பச்சை முட்டை, பச்சைக் குழந்தை ஆகியவற்றுக்கு கிரீன் ஒத்துவராது. கிரீன் முட்டை என்றால் கேட்பவர் நிறத்தைத்தான் நினைப்பார். ஆனால் வளர்ந்த ஆளைப் பார்த்து கிரீன் என்றால் வேலைக்குப் புதியவர், இன்னும் அனுபவம் போதாதவர் என்று பொருள். வளர்வதைச் சொல்லும் 'க்ரோ', புல்லைச் சொல்லும் 'கிராஸ்', கிரீன் மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று டீச்சர் சொன்னபோது, அந்தப் பொருள் எப்படி வந்தது என்பது தானாகவே விளங்கிவிட்டது.

உச்சரிப்பையும் அவர் விடவில்லை. 'கிரீன்ஹவுஸ்' என்று முதல் சொல்லை அழுத்தினால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். 'ஹவுஸ்' என்பதையும் அழுத்திச் சொன்னால் பச்சை வண்ணம் அடித்த வீடு. இலக்கணப் புத்தகத்தில் பெயரடை என்ற தலைப்பின்கீழ் இதெல்லாம் வராது. ஒரு சொல்லை இப்படி நாலாபக்கமும் திருப்பிப் பார்க்கக் கற்றுத்தந்தவரை நல்லாசிரியர் என்று மட்டும் சொன்னால் போதாது.

வெளிநாட்டு வேலையில் சேர்ந்த புதிதில், புதுப் பையன் ஒருவனைப் பற்றி எங்கள் சூப்பர்வைசர் "இன்னும் கிரீன்" என்றார். எனக்கு உடனே களத்து மேஸ்திரியின் குரல்தான் கேட்டது. அந்தப் பையனை இரண்டு மாதம் என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் டீச்சரின் பாடத்தைத் திருப்பிப் போட்டு நடத்துகிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு கிரீன் நன்றாகத் தெரியும். பச்சை என்றால் நிறம் மட்டும்தான். 'பச்சைப் பொய்' என்று பலகையில் எழுதினேன். ஆங்கிலத்தில் யார் மனமும் நோகாமல் சொல்லும் சின்னப் பொய்யை வெள்ளைப் பொய் என்பார்கள் அல்லவா, அதை நினைத்துக்கொண்டு ஒரு சிறுமி, "அப்போ இது அதைவிடச் சின்னதா, அங்கிள்?" என்று கேட்டாள். இல்லைம்மா, துளி உண்மையும் கலக்காத முழுப் பொய் என்றேன். அடுத்த வாரம் வரும்போது ஆளுக்கொரு பச்சையைப் பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.