2,12,000 கிலோமீட்டர் ஓடிய காரை வாங்கலாமா?

இரண்டு மாதங்களாக ஒரே ஒரு பழைய காரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிஎம்டபிள்யூ எம்3, இ46 என்று அழைக்கப்படும் தலைமுறை, 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஆறு கியர் கொண்ட மேனுவல். ஓடோமீட்டர் 2,12,000 கிலோமீட்டர் காட்டுகிறது. அதே வாரத்தில் 90,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய இன்னொரு எம்3யும் விற்பனைக்கு வந்தது; விலை ஏறக்குறைய இரு மடங்கு. யோசனை கேட்ட எல்லோரும், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது குறைவாக ஓடியதை எடுத்துக்கொள் என்றார்கள். முதலில் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

இரண்டு லட்சம் என்ற எண் பயமுறுத்துவது உண்மைதான். ஆனால் இருபது வருடங்களைத் தாண்டிய ஒரு வண்டிக்கு அது ஆண்டுக்குச் சராசரியாகப் பத்தாயிரம் கிலோமீட்டர்தான். சாதாரணக் குடும்பக் கார் ஒன்று இவ்வளவு ஓடியிருந்தால் யாரும் பெரிதாகக் கவலைப்படமாட்டார்கள். வேகத்துக்கென்றே செய்யப்பட்ட காரில் மட்டும் இந்தக் கேள்வி ஏன் கனமாகிறது என்றால், அதன் எஞ்சின் தாங்கிக்கொள்ளும் சுமை வேறு வகையானது. எஸ்54 என்ற இந்த எஞ்சினில் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள், 3,246 சி.சி. கொள்ளளவு, நிமிடத்துக்கு 7,900 சுற்றில் 343 குதிரைத்திறன் தருகிறது. ஒவ்வொரு பிஸ்டனும் 91 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய்வருவதால், அந்த உச்சச் சுற்றில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 24 மீட்டர் ஆகிறது. நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது இதே எஞ்சின் ஏறக்குறைய 2,500 சுற்றில்தான் ஓடுகிறது. பிஸ்டனின் எடையால், அதை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் பேரிங்கும் படும் இழுவிசை சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும் என்பதால், உச்சச் சுற்றில் அது நெடுஞ்சாலைப் பயணத்தில் உள்ளதைப் போலப் பத்து மடங்காகிறது. அமைதியாக ஓடிய ஒரு கிலோமீட்டரும் முறுக்கி ஓட்டிய ஒரு கிலோமீட்டரும் ஓடோமீட்டருக்கு மட்டும்தான் ஒன்று.

இதைவிட முக்கியமானது குளிர்ந்த எஞ்சின். இந்தக் காருக்குப் பரிந்துரைக்கப்படுவது 10டபிள்யூ-60 என்ற தடித்த ஆயில். கூலன்ட் முள் சில நிமிடங்களிலேயே நடுவுக்கு வந்துவிடும். ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் பிடிக்கும். இதற்காகவே எம்3யில் எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகச் சிறு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். ஆயில் குளிர்ந்திருக்கும்போது அவை எரிந்து, குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் போகாதே என்று எச்சரிக்கும். ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணைந்து வழிவிடும். முன்பு வைத்திருந்தவர் அந்த விளக்குகளை மதித்தாரா என்பதைத்தான் நான் அறிய விரும்பினேன். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓடோமீட்டர் அதைச் சொல்லாது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு பயணத்துக்கு ஆறு கிலோமீட்டர் வீதம் 90,000 கிலோமீட்டர் ஓடிய கார் பதினைந்தாயிரம் முறை ஸ்டார்ட் ஆகியிருக்கும், பெரும்பாலும் ஆயில் முழுதாகச் சூடாகும் முன்பே அணைக்கப்பட்டிருக்கும். ஒரு பயணத்துக்கு நாற்பது கிலோமீட்டர் வீதம் 2,12,000 ஓடிய காரில் அந்த எண்ணிக்கை ஐந்தாயிரத்து முந்நூறுதான். கணக்கு கற்பனைதான், ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சின்ன எண்ணை முன்போல் நம்ப முடியவில்லை.

அதன் பின் என் கேள்வியே மாறியது. இந்த மாடல் இந்த வயதில் கட்டாயம் கேட்கும் பெரிய வேலைகள் வேறொருவர் செலவில் ஏற்கெனவே நடந்துவிட்டனவா, அல்லது என் தலையில் விடியக் காத்திருக்கின்றனவா? இ46 எம்3 விஷயத்தில் அந்த வேலைகள் எவை என்பதில் ரகசியம் ஏதுமில்லை. கனெக்டிங் ராடு பேரிங்குகள் முதலாவது. ஆரம்ப ஆண்டுகளின் கார்களைத் தயாரிப்பு நிறுவனமே திரும்ப அழைத்து பேரிங்குகளை மாற்றிக்கொடுத்தது. வால்வுகள் திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் வானோஸ் என்ற அமைப்பு இரண்டாவது. அதன் போல்ட்டுகள் தளர்வதும், ஆயில் பம்பைச் சுழற்றும் சிறு நாக்குகள் உடைவதும் தெரிந்த கதை, உடைந்த துண்டு எங்கே போய் விழும் என்பதுதான் தெரியாது. வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு இதில் இல்லாததால், குறித்த இடைவெளிகளில் கையால் அளந்து சரிசெய்ய வேண்டும். கடைசியாக, பின் சக்கரங்களைத் தாங்கும் சப்ஃபிரேம் உடலோடு சேரும் தரைத் தகடு. எஞ்சினின் முறுக்குவிசை முன்னும் பின்னுமாக இழுத்து இழுத்து அந்த இணைப்பிடங்களில் உலோகம் களைத்து விரிசல் விடக்கூடும். பேரிங்கை மாற்றிவிடலாம். தரைத் தகடு காரின் உடம்பு. பிரித்து, வெல்டிங் செய்து, வலுவூட்டும் தகடுகள் பதித்துத்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கிலோமீட்டரே ஒரு பொருட்டில்லை. சஸ்பென்ஷன் புஷ், கூலன்ட் ஹோஸ், கூலன்ட் விரிவுத் தொட்டி எல்லாம் நின்ற இடத்திலேயே கிழடாகின்றன.

குறைவாக ஓடிய காரைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. பானட்டின் மேல் கையை வைத்ததும் சுட்டது. "உங்கள் நேரம் வீணாக வேண்டாம் என்று ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி வைத்தேன்" என்றார் உரிமையாளர். அன்பாகத்தான் சொன்னார், ஆனால் பழைய எஞ்சின் தன் நோயைச் சொல்லும் ஒரே சமயம் குளிரிலிருந்து எழும் முதல் அரை நிமிடம்தான், அதை எனக்கு முன்பே செலவழித்துவிட்டார். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் ஒழுங்காக வந்து, ஓரிடத்தில் நின்று, ஏழு ஆண்டுகள் ஒன்றுமே இல்லாமல் கிடந்தது. "வண்டி ஓடவேயில்லையே, எதற்கு சர்வீஸ்?" என்று அவர் கேட்டார். டயர்களில் வரிப்பள்ளம் நிறைய மிச்சமிருந்தது. ஆனால் பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். 1314 என்றால் 2014ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது வாரம். நான்கு டயர்களிலும் அதுதான் இருந்தது. இத்தனை குதிரைத்திறனைக் கல்லாய் இறுகிய ரப்பரின் மேல் ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

கிலோமீட்டர் எண்ணே பொய்யாக இருக்கலாம் என்ற சந்தேகமும் இருந்தது. இ46 கார்களில் அந்த அளவு மீட்டர் பெட்டியில் மட்டுமின்றி விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியிலும் பதிவாகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மீட்டரில் ஒரு சின்னப் புள்ளி எரியும். நான் பார்த்த இரண்டிலும் புள்ளி இல்லை. இந்த விஷயத்தில் அக்காலத்துப் போர்ஷ் 911கள் வாங்குபவருக்குக் கூடுதல் உதவி செய்கின்றன. அவற்றின் எஞ்சின் கணினி மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைச் சேமித்து வைத்திருக்கும். 3,000 மணி நேரத்தில் 1,50,000 கிலோமீட்டர் என்றால் சராசரி வேகம் 50, நம்பலாம். அதே நேரத்துக்கு 60,000தான் காட்டினால், வண்டி வாழ்நாள் முழுதும் நெரிசலில் ஊர்ந்திருக்க வேண்டும், அல்லது யாரோ எண்ணில் கை வைத்திருக்க வேண்டும். எஞ்சின் எல்லை மீறிச் சுழன்ற தருணங்களையும் அது குறித்துவைக்கும். வேகமாகப் போகும்போது கை தவறி மிகத் தாழ்ந்த கியரில் போட்டுவிட்டால் சக்கரங்களே எஞ்சினை இழுத்துச் சுழற்றும், சுற்று வேகம் எல்லை மீறாமல் காக்கும் ரெவ் லிமிட்டரால் எரிபொருளை நிறுத்துவதற்கு மேல் எதுவும் செய்ய இயலாது. 9,000 சுற்று வரை போகும் ஆரம்பகால ஹோண்டா எஸ்2000ஐ வாங்க நினைப்பவர்கள் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர்களைத் திறந்து பார்க்கச் சொல்வது இந்த ஒரு பிழைக்குப் பயந்துதான்.

அதிகம் ஓடிய காரின் உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசும்போதே, தயவுசெய்து முன்கூட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றேன். "நேற்று மாலையிலிருந்து தொடவில்லை, சாவியை நீங்களே போட்டுத் திருப்புங்கள்" என்றார். திருப்பினேன். தையல் மெஷின் போன்ற டிக்டிக் ஒலி வந்தது. அது இந்த எஞ்சினின் இயல்பு, வால்வு பக்கத்திலிருந்து வருவது. பயப்பட வேண்டியது அடியிலிருந்து கனமாக வரும் தட்டல், அது இல்லை. புகை இல்லை. ஐட்லிங் ஒரு நிமிடத்தில் சீரானது. கூட வந்த மெக்கானிக் நண்பர் காதை மட்டும் நீட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். அவர் பேசாமலிருப்பது நல்ல அறிகுறி.

பிறகு அந்த மனிதர் உள்ளே போய் ஒரு ரசீதுக் கட்டை எடுத்து வந்தார். உண்மையில் அன்று நான் பரிசோதித்தது காரை அல்ல, அந்தக் கட்டைத்தான். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ரசீது இருந்தது, எந்த இரண்டுக்கும் நடுவில் 12,000 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லை. வால்வு சரிசெய்த தேதிகள், 1,40,000இல் முன்னெச்சரிக்கையாக மாற்றிய ராடு பேரிங்குகள், 1,65,000இல் பிரித்துப் பூட்டிய வானோஸ், அடுத்த ஆண்டே கிளட்ச், ரேடியேட்டர், விரிவுத் தொட்டி. அழிக்க முடியாத இன்னொரு சாட்சியும் அதில் இருந்தது: வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு கைகள் எழுதிய கிலோமீட்டர் எண்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்தன.

கடைசியாக ஆயில் மாற்றி 9,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. விற்பதற்காகப் புது ஆயில் ஊற்றியிருந்தால் அதில் சோதிக்க ஒன்றும் இருக்காது. உரிமையாளர் அனுமதியோடு கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஈயமும் செம்பும் கூடியிருந்தால் பேரிங் தேய்கிறது. சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது. சோடியமோ பொட்டாசியமோ தெரிந்தால் கூலன்ட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிவில் எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. ஒரே ஒரு மாதிரியை வைத்து அதிகம் நம்பக் கூடாது என்பதும் தெரியும். அடுத்தடுத்த மாதிரிகளின் போக்குதான் பேசும். ஆறு சிலிண்டர்களிலும் காற்றை ஏற்றிக் கசிவை அளந்தோம். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வித்தியாசம் மூன்று சதவீதம்தான். லிஃப்டில் ஏற்றி, சப்ஃபிரேம் இணைப்பிடங்களைத் துடைத்து, விளக்கடித்துப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரிந்த விரிசல் இல்லை, வலுவூட்டலும் இல்லை. அந்த ரசீதுக் கட்டில் இல்லாத ஒரே பெரிய வேலை அதுதான்.

இனி பணம். இத்தகைய கார்களின் விலை ஆண்டுகளோடு சரிந்து சாதாரணக் காரின் விலைக்கு வந்துவிடும், உதிரிபாகங்களின் விலை மட்டும் அந்தக் கார் புதிதாக விற்ற காலத்தின் மிடுக்கிலேயே நிற்கும். அதனால், வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவைக்க முடிந்தால் மட்டுமே வாங்குவது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். குறைவாக ஓடிய காரை வாங்கியிருந்தால் கையிருப்பு முழுதும் விலைக்கே போய், அந்த ஏழு வருட வெற்றிடத்தின் செலவுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. வேலைக்குப் போக எனக்கு வேறொரு கார் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இது ஒன்றுதான் கார் என்றால், இந்தக் கட்டு இன்னும் இரண்டு மடங்கு தடிமனாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருக்க நேரும்போது ஆசை சீக்கிரமே எரிச்சலாகிவிடும்.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். வேண்டுமென்றே அந்த அறுபது நாளையும் கடக்க விட்டேன். இடையில் யாராவது அந்தக் காரை வாங்கிப் போயிருந்தால், விட்டது தொல்லை என்று நிம்மதியாகக்கூட இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். யாரும் வாங்கவில்லை. விளம்பரத்தில் கிலோமீட்டரைப் பார்த்ததுமே எல்லோரும் அடுத்த காருக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

சனிக்கிழமை முன்பணம் கொடுத்தேன். தரைத் தகட்டு வேலைக்காக விலையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். கேட்டதில் பாதியைக் குறைத்தார், நியாயம்தான். கார் நேராக என் வீட்டுக்கு வராது. பின்பக்கத்தை முழுதாக இறக்கி, இணைப்பிடங்களில் தகடு வைத்து வெல்டிங் செய்து, அதோடு புஷ்களையும் மாற்ற இரண்டு வாரம் ஆகும் என்கிறார் நண்பர். இப்போதைக்கு ரசீதுக் கட்டு மட்டும் என் மேசையில் இருக்கிறது. 1,40,000இல் பேரிங் மாற்றிய ரசீதை நேற்று இரவும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.