கரை ஒதுங்கும் கட்டைக்கும் வழி உண்டு

கரை ஒதுங்கிய மரக்கட்டையைக் கதியற்ற மனிதருக்கு உவமையாகச் சொல்லி எழுத்தாளர்கள் பழகிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐஸ்லாந்தின் வடமேற்கே உள்ள ஸ்ட்ராண்டிர் கடற்கரையில் ஒதுங்கும் கட்டைகளுக்குப் பிறந்த ஊரும், வந்த வழியும், சட்டப்படி உடையவரும் உண்டு.

சைபீரியாவின் யெனிசேய், லேனா முதலிய ஆறுகள் பனி உருகிப் பெருகும்போது கரையை அரித்து, லார்ச், பைன் மரங்களை வேரோடு சாய்த்து ஆர்க்டிக் கடலுக்குள் தள்ளுகின்றன. வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டபோது தப்பிப்போன தடிகளும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. வெறும் நீரில் கிடந்தால் மரம் ஊறிக் கனத்து ஓரிரு ஆண்டுகளில் மூழ்கிவிடும். கடற்பனியில் சிக்கிக்கொள்வதால்தான் அது பிழைக்கிறது; பனிப்பாளங்கள் அதைச் சுமந்துகொண்டு, துருவக் கடலைப் பல ஆண்டுகளில் கடந்து, கிரீன்லாந்துக்குக் கிழக்கே, ஐஸ்லாந்தை நோக்கிக் கொண்டுவந்து விடுகின்றன.

இந்த வழியை நம்பிக் கப்பலையே விட்டவர் நார்வேயின் துருவ ஆய்வாளர் ஃபிரிட்யோஃப் நான்சென். சைபீரியாவுக்கு வடக்கே 1881இல் பனியில் நொறுங்கி மூழ்கிய ஜீனெட் கப்பலின் பொருட்கள் 1884இல் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. அங்கு ஒதுங்கும் சைபீரிய மரங்களும் அதற்குச் சாட்சி சொல்லின. எனவே 1893இல் ஃபிராம் கப்பலை அவர் வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். 1896இல் அது ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடமேற்கே விடுபட்டது. (கப்பலின் பொறுமை நான்சென்னுக்கு இல்லை, 1895இலேயே நாய்வண்டிகளோடு துருவத்தை நோக்கிக் கிளம்பிவிட்டார்.)

குட்டையான பிர்ச் மரங்களே மிகுந்திருந்த ஐஸ்லாந்தில், வீட்டு உத்தரத்துக்கேற்ற நீண்ட மரம் கடல் தந்தால்தான் உண்டு. ஆகவே 1281ஆம் ஆண்டின் யோன்ஸ்போக் சட்டத்தொகுப்பில் ஒதுங்குபவற்றுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பொதுவாக மரம் கரைநிலத்தின் சொந்தக்காரருக்கே உரியது. ஆனால் அவ்வுரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்கவோ தேவாலயத்துக்கு எழுதிவைக்கவோ முடிந்ததால், நிலம் ஒருவருடையதாகவும் அதன்மேல் கிடக்கும் மரம் இன்னொருவருடையதாகவும் இருந்ததுண்டு. உடையவர் தம் குறியைக் கட்டையில் வெட்டிவைப்பார். பட்டை முழுதும் உரிந்து, முனைகள் தேய்ந்து, சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துக் கிடக்கும் அந்தத் தடி, உப்பில் ஊறியதால் எளிதில் உளுத்துப்போவதில்லை. பண்ணையாட்கள் அதை விரும்பிப் பிளந்து வேலிக்கால்களாக நடுவார்கள்.