கிழக்கு வாசலில் காத்திருப்பவர்

பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணின் கண்ணுக்குப் பேய்கள் தெரியும். இப்படி ஒரு இளையோர் நாவலை ஆரம்பித்துப் பாதி தாண்டிவிட்டேன். பாழடைந்த பங்களா, வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம் மூன்றும் கிடையாது என்பது முதலிலேயே எடுத்த முடிவு. ஆடுதுறைப் பக்கம் பங்களாவுக்கு எங்கே போவது? இருப்பது வயலும் வாய்க்காலும் மதகும்தான்.

அதனால் முதல் அத்தியாயத்தில் கொள்ளிவாய்ப் பிசாசு. சேற்றில் செடிகொடி மக்கி மீத்தேன் கிளம்புகிறது, அது பற்றிக்கொள்வதைத்தான் கொள்ளிவாய் என்கிறார்கள் என்று அறிவியல் சார் வகுப்பில் விளக்குவார். (மீத்தேன் என்றால் எங்கள் பக்கத்தில் பிசாசைவிடப் பயம். வயலைத் தோண்டி அதை எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும்வரை எத்தனை போராட்டம்!) அன்று சாயங்காலமே அவள் மதகின் மேல் ஒன்றைப் பார்த்துவிடுவாள்.

ஆனால் நாவலின் உயிர் திருவிடைமருதூரில் இருக்கிறது. மகாலிங்க சுவாமி கோயில் கதை தெரிந்ததுதான். வரகுண பாண்டியனின் குதிரை மிதித்து ஒரு அந்தணர் இறந்துபோகிறார். அந்தணரைக் கொன்ற பாவம், பிரம்மஹத்தி, அரசனைப் பிடித்துக்கொள்கிறது. கிழக்கு வாசலில் நுழைந்தவன் மேற்கு வாசல் வழியாக வெளியேறித் தப்பிக்கிறான். அது இன்னும் கிழக்கு வாசலிலேயே காத்திருப்பதாக நம்பிக்கை. அங்கே அதற்குச் சிலையும் உண்டு. வந்த வழியே திரும்பப் போனால் பாட்டிகள் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள்.

இந்தப் பகுதியை என் அண்ணன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "ராஜா தப்பிச்சது சரி அத்தை, செத்தவருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

தலபுராணம் அரசன் பக்கமே நிற்கிறது. பாவம் தொலைந்தது, சுபம். என் கதாநாயகி மட்டும் செத்தவர் பக்கத்தில் போய் உட்காருவாள். அவர் யாரையும் பயமுறுத்துவதில்லை. வாசலில் வந்து நிற்கும் பைக்கையெல்லாம் உற்றுப் பார்ப்பார், குதிரைக்காரன் வந்துவிட்டானா என்று.

அவளுக்குப் பயம் வீட்டை நினைத்துத்தான். அம்மாவுக்குத் தெரிந்தால் வேப்பிலை, உடுக்கை. அதிலும் சரியாகாவிட்டால், மனநிலை சரியில்லாதவர்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்கும் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள். பொதுத்தேர்வு வேறு வருகிறது.

அவன் அப்போதே மேற்கு வாசல் வழியாகப் போய்விட்டான் என்று அவரிடம் சொல்லிவிடலாமா? சொல்லத்தான் வேண்டும் என்கிறாள் அண்ணன் மகள். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.